அக்கரையில் ஒரு மண்மேடு

தலவாக்கலையிலிருந்து லிந்துலை வழியாக மலையேறும் பாதை அக்கரப்பத்தனையைக் கடந்து, டயகமத் தோட்டங்களிற் சென்று முடிகிறது. அதற்கு மேலே ஹோர்ட்டன் சமவெளி. ‘பத்தனை’ என்பது மலைப் புல்வெளியைக் குறிக்கும் ‘பத்தன’ என்னும் சிங்களச் சொல்லின் தமிழ் வடிவம். புல்வெளி போய்த் தேயிலை வந்து நூறாண்டுகளுக்கு மேலாயின. பெயர் மட்டும் நின்றுவிட்டது. பெயரின் முற்பகுதியோ தமிழ்ச் செவிக்கு ‘அக்கரை’ என்றே கேட்கும். சொல்லாராய்ச்சி வல்லார் இதனை ஒப்பார். ஆயினும், ஒரு கரையிற் பிறந்து மறு கரையில் மறைவதையே மூன்று நான்கு தலைமுறைகளாகத் தம் விதியாகக் கொண்ட மக்கள் வாழும் ஊருக்கு அப்பெயர் பொருந்தாமற் போகவில்லை.

நண்பன் ஒருவன் அயல்நாட்டில் இறந்தான். அவன் குடும்பத்தாரைக் கண்டு இரண்டு வார்த்தை பேசி, அவனை அடக்கம் செய்த இடத்தில் ஒரு மாலை சாத்தி வரவேண்டும். இவ்வளவுதான் செய்தி. உலகெங்கும் மனிதர் செய்கின்ற காரியமே இது. ஆனால் அக்கரப்பத்தனைத் தோட்டத்து லயம் ஒன்றிலிருந்து புறப்படும் ஒருவருக்கு இக்காரியம் அத்துணை எளிதன்று. எது அயல்நாடு, எது சொந்த நாடு என்பதே அவருக்கும் அவர் நண்பருக்கும் இடையில் முடிவாகாமற் கிடந்த வழக்கு.

அயல்நாட்டில் இறப்பது என்பது இம்மலைகளுக்குப் புதிதன்று. முதலில் அவ்வாறு இறந்தவர்கள் வெள்ளைக்காரத் துரைமார். அக்கரப்பத்தனைச் சுற்றுவட்டத்துத் தோட்டங்களின் பெயர்களைச் சற்றே எண்ணிப் பார்த்தால் அவர்களுடைய ஏக்கம் புலனாகும். பெல்மோரல் என்பது ஸ்கொத்லாந்தில் அரச குடும்பத்தாரின் மாளிகை. வேவர்லி என்பது வால்ட்டர் ஸ்கொட் எழுதிய நாவலின் பெயர். கிளென்லயன் என்பது அந்நாட்டுப் பள்ளத்தாக்கு ஒன்றின் பெயர். ஊரை விட்டு வந்தவர்கள் ஊரின் பெயரைக் கொணர்ந்து மலைகளுக்குச் சூட்டினர். அவர்களுள் இங்கேயே மறைந்தோருக்குக் கல்லறைகளும் உண்டு. லூல்கந்துரையில் 1867இல் முதன்முதலாக வாணிக முறையிலே தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லர் 1892 மே மாதம் 2ஆம் நாள் அத்தோட்டத்திலேயே இறந்தார். அவருடைய உடலைத் தோட்டத் தொழிலாளர் சுமந்து கண்டிக்குக் கொண்டு சென்றனர். மஹயாவை இடுகாட்டில் இன்றும் அக்கல்லறை இருக்கிறது; பெயரும் நாளும் வயதும் கல்லிற் பொறிக்கப்பட்டுள்ளன. கல்கத்தாவிற் பிறந்து, இங்கிலாந்தில் நிழற்படக் கலையிற் பெரும்புகழ் எய்திய ஜூலியா மார்கரட் கமரன் அம்மையார் முதுமையிற் கணவருடன் இலங்கைக்கு வந்து 1879இல் டிக்கோயாப் பகுதியில் மறைந்தார். பொகவந்தலாவையில் தேவாலயத்தை ஒட்டிய இடுகாட்டில் கணவரும் மனைவியும் அருகருகே துயில்கின்றனர். கடல் கடந்து வந்து அக்கல்லறையைத் தேடிக் காண்போர் இன்றும் உளர். தேடினால் கிடைக்கும், கல் இருக்கிறது.

டெய்லரின் உடலைச் சுமந்தவர்களின் பெயரை எந்தக் கல்லும் சொல்லவில்லை. இதனைக் குறைகூறலாகக் கொள்ள வேண்டா. இது நடந்த செய்தி. தோட்டத்திலே தொழிலாளி ஒருவர் இறந்தால், தப்பு முழங்கும், பெட்டி செய்வார்கள், தேயிலைச் சரிவின் ஓரத்திலே தோட்டம் ஒதுக்கிக் கொடுத்த துண்டு நிலத்தில் அடக்கம் செய்வார்கள். தலைமாட்டில் ஒரு குரோட்டன் செடியை நடுவார்கள். எட்டாம் நாளும் பதினாறாம் நாளும் வந்து பால் ஊற்றுவார்கள். பிறகு இரண்டு பருவமழை பெய்தால் மண்மேடு சமமாகிவிடும். செடி தழைத்திருந்தால் இடம் தெரியும். கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை 1954இல் வெளியிட்ட ஆங்கில நெடுங்கவிதை நூலில் தேயிலைக்கு அடியிற் கிடக்கும் இம்மக்களையே பாடினார். அந்நூலைப் படித்தவர்கள் உலகெங்கும் இருந்தனர். அதில் பாடப்பட்டவர்களுள் அதனைப் படித்தவர் மிகச் சிலரே.

இவ்வுரையில் இனி வரும் நண்பர் இருவருக்கும் பெயரிட வேண்டியதில்லை. அவர்கள் தனி மனிதர் அல்லர். ஒப்பந்தம் ஒன்று பிரித்துவைத்த எத்தனையோ இணைகளுள் ஓரிணை என்று கொண்டு, அவர்களைப் பின்தொடர்வோம்.

ஒரே லயத்தில் அடுத்தடுத்த காம்பராக்களிற் பிறந்தவர்கள். ஒரே தோட்டப் பள்ளியில் ஒரே பலகையில் அமர்ந்து ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர்கள். ஒருவரையொருவர் ‘மச்சான்’ என்றே அழைத்தவர்கள். ஒருவர் படிப்பில் சற்றுக் கெட்டி, கையெழுத்தும் அழகு. மற்றவர் கவ்வாத்துக் கத்தி பிடிப்பதில் கெட்டி. முன்னவருக்கு லயத்திலே ஒரு வேலை தானாகவே வந்து சேர்ந்தது. எவருக்குக் கடிதம் எழுதவேண்டுமாயினும், எந்தப் படிவத்தை நிரப்பவேண்டுமாயினும் மண்ணெண்ணெய் விளக்கோடு அவரிடமே வந்தனர்.

படிவங்களுக்குப் பஞ்சமில்லாத காலம் அது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழருள் மிகப் பெரும்பாலோரை எந்த நாட்டுக்கும் உரியரல்லாதார் ஆக்கியிருந்தது. அடுத்த ஆண்டு வந்த இந்திய பாகிஸ்தானியர் குடியுரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பித்தோருள் ஒரு சிறு பகுதியினருக்கே குடியுரிமை கிடைத்தது. பிறகு 1964 அக்டோபர் 30ஆம் நாள் சிறிமாவோ பண்டாரநாயக்க அம்மையாரும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தத்திற் கையொப்பமிட்டனர். ஒன்பது இலட்சத்து எழுபத்தையாயிரம் பேர் என்று கணக்கிட்டு, அவர்களுள் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்றும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்குவது என்றும், எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர்ப் பேசிக்கொள்வது என்றும் முடிவு செய்யப்பட்டது. அந்த எச்சத்தை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. பங்கிடப்பட்டவர்களை எவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஒப்பந்தம் கையெழுத்தாகி எட்டு வாரங்கள் ஆவதற்குள் ஒரு பெரும்புயல் வந்தது. 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவு தனுஷ்கோடியைக் கடல் கொண்டது. 1914 முதல் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே ஓடிய கப்பற் பாதையின் இந்தியத் துறை அழிந்தது. கப்பல் பிற்பாடு இராமேசுவரத்திலிருந்து ஓடியது. மனிதர் செய்த ஏற்பாட்டைக் கடலும் ஒருகணம் தடுத்துப் பார்த்தது போலும் என்று சொல்லத் தோன்றும். ஆனால் கடலுக்கு ஒப்பந்தங்கள் தெரியா. அவ்விரவில் மாண்டவர்களின் துயரை நம் உவமைக்காகச் செலவழிப்பதும் முறையன்று.

இந்தியக் குடியுரிமைக்கான விண்ணப்பங்கள் 1968 முதல் 1970 வரை ஏற்கப்பட்டன. அந்நாட்களில் ஓரிரவு, கவ்வாத்துக்காரர் தம் நண்பரிடம் படிவத்தைக் கொண்டு வந்தார். அவருடைய தகப்பனார் முடிவு செய்துவிட்டார். “இங்கே காகிதமில்லாமல் சாவதைவிட அங்கே காகிதத்தோடு சாகலாம்” என்பது கிழவரின் வாதம். மகனுக்கு மனம் ஒப்பவில்லை. “நீ என்ன சொல்லுறே மச்சான்?” என்று அவர் கேட்டார். எழுதுபவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பிறகு, “போறதுதான் நல்லது” என்றார். அவரே எழுதினார். ‘சொந்த ஊர்’ என்று கேட்டிருந்த இடத்தில், கிழவர் சொன்னபடி, திருச்சிராப்பள்ளி மாவட்டத்துக் கிராமம் ஒன்றின் பெயரை எழுதினார். அந்தக் கிராமத்தைக் கிழவரே கண்டதில்லை. அவருடைய தகப்பனார் சொல்லக் கேட்டதுதான்.

எழுதியவர் தமக்கென நிரப்பிய படிவமோ இலங்கைக் குடியுரிமை கோரியது. அதற்குக் காரணம் கொள்கையன்று. அவருடைய தாயார் தம் கணவரை அடக்கம் செய்த சரிவை விட்டு வரமாட்டேன் என்று கூறிவிட்டார். இலங்கைக் குடியுரிமை கேட்டோர் ஒப்பந்தம் ஒதுக்கிய எண்ணிக்கையைவிட மிக அதிகம். ஆகவே அவர் காத்திருந்தார்.

1973, 1974ஆம் ஆண்டுகளில் தோட்டங்களில் உணவுப் பஞ்சம் வந்தது. அரிசியும் மாவும் அரிதாயின. வேலை நாட்களும் குறைந்தன. பட்டினியாற் பலர் மாண்டனர். புறப்பட மனமில்லாதிருந்தோரும் புறப்பட்டது அப்போதுதான். கண்டியிலிருந்த இந்தியத் தூதரக அலுவலகத்திலிருந்து கடவுச்சீட்டும் குடும்ப அட்டையும் வந்தன. அவர்களை ஏற்றிச் சென்ற புகைவண்டியை மலையக மக்கள் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றனர். பின்னாளில் எழுத்தாளர் மு. சிவலிங்கம் தம் சிறுகதைத் தொகுதி ஒன்றுக்கு அப்பெயரையே சூட்டினார். தலவாக்கலை நிலையத்தில் கோச்சி அசைந்தபோது, நண்பர்கள் இருவரும் கைகளைப் பற்றிக்கொண்டு நின்றார்கள் என்று எழுதுவது எளிது. உண்மையில் இத்தகைய பிரிவுகளில் பேசப்படுவது வேறு. பெட்டியைக் கயிற்றால் இறுக்கிக் கட்டினாயா, சேமலாப நிதிப் பணத்துக்கான காகிதம் எங்கே, பாயைத் தலைமன்னாரில் விட்டுவிடாதே என்பன போன்ற பேச்சுத்தான்.

இராமேசுவரத்தில் இறங்கியவர்களை முதலில் ஏற்றது மண்டபம் முகாம். இதில் ஒரு விந்தை உண்டு. பிரித்தானியர் காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குச் செல்லும் தொழிலாளரை நோய்த்தடுப்புக்காக நிறுத்திவைத்துச் சோதித்துக் கப்பலேற்றிய இடமும் அதே மண்டபம் முகாமே. பாட்டனார் போகும்போது தங்கிய கொட்டகையில் பேரன் திரும்பும்போது தங்கினான். அரசாங்கக் காகிதங்களில் அவனுக்கு இடப்பட்ட பெயர் ‘தாயகம் திரும்பியோர்’. தாம் ஒருநாளும் காணாத நாட்டுக்கு ஒருவர் எவ்வாறு திரும்ப முடியும் என்ற கேள்வியை அக்காகிதங்கள் எழுப்பவில்லை.

அவர்களுட் சிலரைத் தமிழ்நாட்டரசு நீலகிரியிலே குடியமர்த்தியது. தாயகம் திரும்பியோருக்கு வேலை அளிக்கும் நோக்கத்தோடு 1968இல் வனத்துறையின்கீழ்த் தொடங்கப்பட்ட தேயிலைத் திட்டம் 1976இல் தனிக் கழகமாயிற்று. ‘டான்டீ’ என்பது அதன் சுருக்கப் பெயர். குன்னூர், கோத்தகிரி, கூடலூர், பந்தலூர், சேரம்பாடி முதலிய இடங்களில் அதன் தோட்டங்கள் பரந்தன. காட்டை வெட்டித் தேயிலை நடும் வேலை. பாட்டனார் இலங்கையிலே செய்ததையே பேரர் நீலகிரியில் மறுபடியும் செய்தனர். எல்லோருக்கும் இவ்வேலை கிடைத்ததில்லை. ரப்பர்த் தோட்டங்களுக்கும் நூற்பாலைகளுக்கும் அனுப்பப்பட்டோர் உளர். வியாபாரக் கடன் வாங்கித் தெரியாத ஊரிற் கடை வைத்து நொடித்தோர் உளர். மூதாதையர் கிராமத்தைத் தேடிச் சென்று, அறிந்தவர் எவருமின்றி, தேயிலை இருக்கும் மலை எங்கே என்று விசாரித்துக்கொண்டு நீலகிரி ஏறியோரும் பலர். கவ்வாத்துக்காரரும் அவர்களுள் ஒருவர். கோத்தகிரிப் பக்கத்தில் அவருக்கு வேலை கிடைத்தது. கவ்வாத்துக் கத்தியைக் கையில் எடுத்ததும் மேற்பார்வையாளர், “சிலோனிலிருந்து வந்தவரா?” என்று கேட்டாராம். இலங்கையில் அவரை இந்தியாக்காரர் என்றார்கள். இந்தியாவிற் சிலோன்காரர் என்றார்கள். பெரும்பாலும் பகையினால் அன்று, அடையாளத்துக்காகத்தான். ஆனால் அடையாளமே அவருக்கு முள்ளாயிற்று.

முதற் சில ஆண்டுகள் கடிதங்கள் வந்தன. பிறகு அருகின. 1983 ஜூலையில் வன்செயல்கள் நிகழ்ந்தன. 1984இல் தலைமன்னார்க் கப்பல் நின்றது. கடலுக்கு இருபுறமும் இருந்தவர்களைச் சேர்த்துவைத்தது வானொலி ஒன்றே. நீலகிரியின் உயரத்தில் இலங்கை வானொலி தெளிவாகக் கேட்கும். அங்கே வாழ்ந்த மலையகத்தார் பாட்டைக் கேட்டதைவிட மரண அறிவித்தலைக் கூர்ந்து கேட்டனர். இன்ன தோட்டத்தைப் பிறப்பிடமாகவும் இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்ட இன்னார் என்று தொடங்கி, மனைவி மக்கள் மருமக்கள் பேரப்பிள்ளைகள் என்று வரிசையாக நீளும் அவ்வறிவித்தலில், தோட்டத்தின் பெயர் வந்ததும் அடுப்படியில் நின்றவளும் ஓடிவருவாள். கடல் கடந்த மக்கள் ஒருவருக்கொருவர் துக்கம் கேட்டுக்கொண்ட முறை அதுவே.

கவ்வாத்துக்காரர் இறந்த செய்தி வானொலியில் வரவில்லை. கடிதமாக வந்தது. கடிதமும் உடனே கைக்குக் கிடைத்ததன்று. தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளுக்குத் தனி முகவரி இல்லாத காரணத்தால் தபால்கள் தோட்ட அலுவலகத்துக்கே வந்து, அங்கிருந்து லயங்களுக்குப் பிரிந்து செல்வது நெடுநாள் வழக்கம். கடிதம் பிரிக்கப்படாமற் சில நாட்கள் கிடந்தது. பதினாறாம் நாள் காரியம் முடிந்த பின்னரே நண்பர் அதனைப் படித்தார்.

அவர் இத்தனை ஆண்டுகளாக ஏன் போகவில்லை என்று கேட்கலாம். காரணங்கள் இருந்தன. 1988ஆம் ஆண்டில் நாடற்றோருக்கு உரிமை வழங்கிய சட்டம் வரும்வரை அவர் எந்த நாட்டுக்கும் உரியவரல்லர். உரியரல்லாதாருக்குக் கடவுச்சீட்டு ஏது? அச்சட்டத்துக்குப் பின்னும் எஞ்சி நின்றவர்களுக்காக 2003இல் இன்னொரு சட்டம் இயற்ற வேண்டியிருந்தது என்றால், இவ்விவகாரம் எத்தனை நீண்டது என்பது விளங்கும். உரிமை வந்தபோது நாட்டிலே போர். 2009இல் போர் முடிந்தபோது கையிற் பணமில்லை. பேத்தியின் படிப்பு, வீட்டுக் கூரை, பிறகு முழங்கால் வலி. இவை யாவும் உண்மைக் காரணங்களே. இவற்றுக்கெல்லாம் அடியில் இன்னொரு காரணமும் இருந்தது. ‘போறதுதான் நல்லது’ என்று சொன்னவர் அவர். எழுதிய கையும் அவருடையது. நண்பன் அங்கே நன்றாக இருந்தானா என்பதை நேரிற் காண அவருக்கு அச்சமாயிருந்தது.

இறுதியில், இறப்பே அவரைப் புறப்படச் செய்தது. இந்திய விசாவுக்கு விண்ணப்பித்தார். ‘இதற்கு முன் இந்தியா சென்றதுண்டா?’ என்று கேட்டிருந்தது. ‘இல்லை’ என்று எழுதினார். பள்ளிப் பருவந்தொட்டு ஏடுகளில் ‘இந்தியத் தமிழர்’ என்று பதியப்பட்ட ஒருவர் எழுபது வயதுக்கு மேல் அவ்வாறு எழுதினார். 2023 முதல் நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே கப்பல் மீண்டும் ஓடத் தொடங்கியிருப்பதாகச் சிலர் கூறினர். ஆனால் மகன் விமானத்திலேயே அனுப்பினான். கொழும்பிலிருந்து திருச்சிராப்பள்ளிக்கு ஒரு மணி நேரப் பயணம். பாட்டனார் வாரக்கணக்கில் நடந்த வழியை எண்ணுவதற்குள் விமானம் இறங்கிவிட்டது. அதே 2023இல், இம்மக்கள் இலங்கைக்கு வந்து இருநூறு ஆண்டுகள் ஆனதை நினைவுகூர, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு கூட்டத்தார் கால்நடையாகச் சென்றனர். வழியெங்கும் பெயரின்றிப் புதையுண்ட பல்லாயிரவருக்கு அந்நடையே நீத்தார் கடன் எனலாம்.

திருச்சியிலிருந்து கோயம்புத்தூர், அங்கிருந்து மேட்டுப்பாளையம், பிறகு மலைப்பாதை. கோத்தகிரிக்கு ஏறும் பேருந்தில் குளிர்காற்று முகத்திற் பட்டதும் முதியவர் எழுந்து உட்கார்ந்தார். வளைவுகளில் தெரிந்த தேயிலையைத் தொழிற்காரரின் கண்ணோடு பார்த்தார். பெண்கள் கையாற் கொழுந்து கிள்ளாமல் கத்தரியால் வெட்டிக்கொண்டிருந்தனர். அவருக்கு அது பிடிக்கவில்லை. இரண்டு இலையும் ஓர் அரும்புமாக விரலாற் கிள்ளாத கொழுந்து கொழுந்தா என்று பக்கத்து இருக்கைக்காரரிடம் கேட்டார். அவர் தேயிலை அறியாதவர், சிரித்து வைத்தார்.

கோத்தகிரி இம்மலையகத்தாருக்கு முற்றிலும் அயலூர் அன்று. ஹற்றன் ஹைலன்ஸ் கல்லூரியில் ஆசிரியராகவும் அதிபராகவும் விளங்கி, 1960களில் மலையக இளைஞர் ஒரு தலைமுறையையே எழுதவும் பேசவும் தூண்டிய இர. சிவலிங்கம் பின்னாளில் நீலகிரிக்கு வந்து, தாயகம் திரும்பியோரிடையே பணி செய்தார். அவர் 1999இல் மறைந்த பின் கொழும்பிலே அவர் பெயரால் நினைவுச் சொற்பொழிவுகள் நடைபெற்று வருகின்றன. அறிஞருக்கு அவ்வாறு ஆண்டுதோறும் கூட்டம் கூடும். கவ்வாத்துக்காரருக்கு யார் கூட்டம் கூட்டுவார்? ஒரு நண்பர் பேருந்து ஏறி வரவேண்டியதுதான்.

நண்பரின் மனைவி வாசலில் நின்றார். “வாங்கண்ணே” என்றார். அவ்வளவுதான். பிறகு இருவரும் நெடுநேரம் பேசவில்லை. இவர் ஒரு பொதியை நீட்டினார்: அக்கரப்பத்தனைத் தேயிலைத்தூள். தேயிலை விளையும் ஊருக்குத் தேயிலை கொண்டுவருவது மடமை என்று மகன் தடுத்தும் கேட்காமற் கொணர்ந்தது. நீலகிரியில் பெரும்பாலும் குருணைத் தூளே செய்வார்கள். பாலோடு கொதிக்க வைப்பதற்கு அது ஏற்றது. அம்மூதாட்டி பால் சேர்க்காமல் சாயம் ஊற்றி, தனியே உள்ளங்கையில் வைத்துக்கொள்ளச் சிறிது சீனியும் கொடுத்தார். பேரப்பிள்ளைகள் அதனை வேடிக்கை பார்த்தனர். பாட்டி இன்னும் புகைவண்டியைக் கோச்சி என்று சொல்வதையும் அவர்கள் வேடிக்கையாகவே கொண்டிருந்தனர். அன்று வந்த தாத்தாவும் கோச்சி என்று சொன்னபோது, அது ஓர் ஊரின் மொழி என்பது அவர்களுக்கு முதன்முறையாக விளங்கியிருக்கக் கூடும்.

மாலையில் மகன் அவரை அடக்கம் செய்த இடத்துக்கு அழைத்துச் சென்றான். “பார்த்து வாங்க மாமா, காட்டெருமை நிக்கும்” என்றான். அக்கரப்பத்தனையிற் சிறுத்தைக்கு அஞ்சுவார்கள், இங்கே காட்டெருமைக்கு. தேயிலைச் சரிவின் ஓரம். சில்வர் ஓக் மரங்களின் நிழல். மண்மேட்டின் தலைமாட்டில் ஒரு குரோட்டன் செடி நின்றது. அதை யார் நட்டது என்று இவர் கேட்டார். அம்மா என்றான் மகன். இங்கே இப்படி நடும் வழக்கம் இல்லை, அம்மாதான் எங்கோ தேடிக் கொண்டுவந்தார் என்றான்.

மாலையைச் சாத்திவிட்டு முதியவர், இந்த நிலம் யாருடையது என்று வினவினார். அவர் தோட்டத்து மனிதர். நிலம் யாருடையது என்பதை முதலிற் கேட்கப் பழகியவர். மகன் விளக்கினான். கழகத்தின் தோட்ட நிலங்களில் ஒரு பகுதியை வனத்துறைக்குத் திருப்பி ஒப்படைக்க அரசு 2022இல் ஆணையிட்டிருந்தது. ஓய்வு பெற்றோர் தோட்டத்து வீடுகளைவிட்டு எங்கே போவது என்ற கவலை அதற்கு முன்பே இருந்தது. இந்தச் சரிவு எதனைச் சேரும் என்பது அவனுக்குத் தெரியவில்லை. காடாகுமானால் குரோட்டன் செடி பிழைக்காது என்றான். இல்லை, பிழைக்கும் என்றார் இவர். அதற்கு உரமும் வேண்டாம், ஆளும் வேண்டாம்.

சிறிது நேரம் கழித்து அவர் கேட்க வந்ததைக் கேட்டார். “ஒங்கப்பா என்னைப் பத்தி எப்பவாவது கோவமாப் பேசுவாரா?”

மகன் உடனே மறுத்திருந்தால் அது மரியாதைக்காகச் சொன்னதாக இருந்திருக்கும். அவன் எண்ணிப் பார்த்தான். வந்த புதிதிற் பேசியதுண்டு என்று அம்மா சொல்லக் கேட்டிருப்பதாகச் சொன்னான். எண்பத்து மூன்று கலவரத்தைப் பற்றி வானொலியிற் கேட்ட நாளிலிருந்து பேசவில்லையாம். அன்று முழுவதும் வானொலியை விட்டு அகலாமல், மச்சானும் வந்திருக்கலாம் என்றே சொல்லிக்கொண்டிருந்தாராம். இருவரும் ஒருவரையொருவர் தவறான கரையில் விட்டுவிட்டதாகவே நினைத்திருக்கின்றனர். முதியவர் ஒன்றும் கூறவில்லை. மண்மேட்டைச் சுற்றி முளைத்திருந்த புல்லைக் கையாற் பிடுங்கிச் சுத்தம் செய்தார். மகன் உதவ முன்வந்தபோது வேண்டாம் என்றார்.

மறுநாட் காலையில் நண்பரின் மனைவி ஒரு பழைய தகரப்பெட்டியைத் திறந்தார். குடும்ப அட்டை, நிறம் மங்கிய கடவுச்சீட்டு, மண்டபம் முகாமின் முத்திரை பதித்த காகிதம் ஒன்று. யாவும் பிளாஸ்டிக் உறையில் இருந்தன. தாயகம் திரும்பியோரின் வீடுகளில் இப்பெட்டிக்குரிய மதிப்பு நகைப் பெட்டிக்கு இல்லை. பேத்தி கல்லூரியிற் சேரவேண்டும். சாதிச் சான்றிதழ் வேண்டும். அதற்குப் பாட்டனார் எங்கிருந்து வந்தார் என்பதற்கு ஆதாரம் கேட்கிறார்கள். காகிதத்துக்குக் காகிதம் எழுத்து மாறியிருக்கிறது. ஒன்றில் தகப்பனார் பெயர், மற்றொன்றில் ஊர்ப் பெயர். இத்தகைய குடும்பங்கள் ஐம்பது ஆண்டுகளுக்குப் பின்னும் வருவாய் அலுவலகங்களின் படிகளில் ஏறி இறங்குவது இச்சிறு வேறுபாடுகளாலேதான். தோட்டப் பள்ளியின் சேர்வுப் பதிவேட்டிலிருந்து ஒரு பிரதி எடுத்து அனுப்ப முடியுமா என்று மூதாட்டி கேட்டார். பழைய பதிவேடுகள் பள்ளியில் இன்னும் இருக்கின்றன, முடியும் என்றார் இவர். தாம் போனவுடன் முதல் வேலை அதுவே என்றார்.

“இந்த ஃபாரத்தையும் நீங்களே எழுதிக் குடுத்துருங்கண்ணே. ஒங்க எழுத்துன்னா அவருக்குத் திருப்தி” என்றார் அவர்.

முதியவரின் கை சற்றே நடுங்கியது. பேத்தி பேனாவைக் கொணர்ந்தாள். பாட்டனார் பெயர். பாட்டனாரின் தகப்பனார் பெயர். ‘பிறந்த ஊர்’ என்ற இடம் வந்ததும் எழுதுவதை நிறுத்தினார். பிறகு, அக்கரப்பத்தனை, நுவரெலியா மாவட்டம், இலங்கை என்று ஒவ்வோர் எழுத்தாக எழுதினார். பேத்தி குனிந்து படித்துப் பார்த்து, “தாத்தா, சின்ன ‘ர’வா, பெரிய ‘ற’வா?” என்று கேட்டாள்.

“சின்ன ‘ர’ தான் ஆயி.”

மேட்டுப்பாளையம் செல்லும் பேருந்துக்கு நேரமாகிறது என்று யாரோ வாசலிலிருந்து நினைவூட்டினர். படிவத்தில் இன்னும் இரண்டு பக்கங்கள் இருந்தன.